தகப்பன் இல்லாத வீடும் பள்ளிக்கூடமும்

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட முதலமைச்சர் யார் என்று தமிழ்நாட்டில் எந்த ஊரில் கேட்டாலும் காமராசரையும் எம்.ஜி.ஆரையும் சொல்வார்கள். இருவருக்கும் விவரம் தெரியாத வயதிலேயே அப்பா இறந்துபோனார். இருவரையும் வளர்த்தவர்கள் கைம்பெண்களான அம்மாக்கள். இருவரும் சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர்கள். வாழ்க்கை வரலாறுகள் இந்தக் கடைசிச் செய்தியை ஓரிரு வரியில் கடந்துபோய்விடுகின்றன. படிக்காத மேதை என்று பட்டம் கொடுத்துவிட்டால், அந்தப் படிப்பு ஏன் நின்றது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. காமராசரின் தாய் சிவகாமி அம்மாளுக்கோ எம்.ஜி.ஆரின் தாய் சத்யபாமாவுக்கோ மனஉறுதி போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருவரும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள். தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். அப்படியும் பிள்ளைகள் பாதியில் வெளியே வந்தார்கள். தாயின் உறுதிக்கும் பிள்ளையின் படிப்புக்கும் நடுவில் நின்று தடுத்தது எது? அதை எது எப்போது விலக்கியது? இன்னும் விலகாமல் இருப்பது என்ன? தமிழ்நாட்டின் கடந்த நூறாண்டை இந்தக் கேள்விகளோடு பார்க்க வேண்டும்.

ஆண்டுதோறும் தேர்வு முடிவு வரும் நாட்களில் செய்தித்தாளில் ஒரு படம் வருகிறது. கணவனை இழந்து, கூலி வேலை செய்து பிள்ளையை மருத்துவக் கல்லூரி வரை கொண்டுவந்த ஓர் அம்மா, பிள்ளைக்கு இனிப்பு ஊட்டிக்கொண்டிருப்பார். அந்தப் படத்தைப் பார்த்து மனம் இளகாதவர்கள் குறைவு. அந்த இளகல் நியாயமானதுதான். ஆனால் அதே தெருவில், அதே கூலிக்கு, அதே வெயிலில் நின்ற இன்னொருத்தியின் மகன் பத்தாம் வகுப்போடு திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பான். அவளும் உழைப்பில் குறை வைத்தவள் இல்லை. அவளை யாரும் படம் எடுப்பதில்லை. வென்ற தாயை மட்டும் வைத்துப் பேசினால், தோற்றவள் உழைக்கவில்லை என்று நாமே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

விருதுநகர் அப்போது விருதுபட்டி. 1903 ஜூலை 15இல் அங்கே பிறந்த காமராசருக்கு ஆறு வயதானபோது தந்தை குமாரசாமி நாடார் காலமானார். மகனும் மகள் நாகம்மாளும் சிவகாமி அம்மாளின் பொறுப்பானார்கள். காதில் கிடந்ததைத் தவிர மற்ற நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஊர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்து, மாதாமாதம் வந்த வட்டியில் குடும்பத்தை நடத்தினார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள். இந்தச் செயலை நிதானமாகப் பார்க்க வேண்டும். நகையை விற்றுத் தின்றிருந்தால் ஓரிரு ஆண்டில் தீர்ந்திருக்கும். முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்வது என்று அவர் முடிவெடுத்தார். எழுத்தறிவு வாய்க்காத தலைமுறைப் பெண் ஒருவர் கணவனை இழந்த துக்கத்துக்கு நடுவே போட்ட நிதித் திட்டம் அது. தியாகம் என்று மட்டும் அதைச் சொன்னால் அவருடைய அறிவைக் குறைத்துச் சொன்னதாகும்.

காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலையும் இந்தக் கதைக்கு முக்கியம். விருதுநகர் நாடார்கள் மகமை என்னும் சமூகப் பொதுநிதியில் நடத்திய பள்ளி அது. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துவைத்துப் பள்ளியைத் தாங்கிய வழக்கத்தை அந்த ஊரார் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். கூலியும் சில்லறை வியாபாரமுமாக இருந்த வீட்டுப் பிள்ளைகளும் சம்பளப் பயமின்றி அங்கே உட்கார முடிந்தது. கைம்பெண்ணின் வட்டிப் பணத்தோடு ஒரு சமூகத்தின் பிடியரிசியும் சேர்ந்ததால்தான் காமராசருக்கு அந்த ஆறு வகுப்பாவது கிடைத்தது. இப்படி மகமை திரட்டும் வசதி இல்லாத சாதிகளில், குறிப்பாகச் சேரிகளில், கணவனை இழந்த தாய்க்கு அந்த ஆறு வகுப்பும் எட்டாத தொலைவில் இருந்தது.

ஆறாம் வகுப்புக்குப் பிறகு காமராசர் தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடைக்குப் போனார். தென்னிந்தியக் கைம்பெண்களின் நிலையைப் புரிந்துகொள்ள இந்தச் சிறிய செய்தி ஒரு நல்ல வாசல். மார்த்தா ஆல்ட்டர் சென் என்ற ஆய்வாளர், தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் 14 கிராமங்களில் 562 கைம்பெண்களைச் சந்தித்து, 2000ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். வடக்கில் பெண்ணைத் தூரத்து ஊரில், உறவல்லாத குடும்பத்தில் கட்டிக்கொடுப்பதால் கணவன் இறந்தபின் பிறந்த வீட்டின் துணை அவளுக்கு மிகக் குறைவு என்பதும், தெற்கில் உறவுக்குள்ளும் பக்கத்து ஊரிலும் மணம் முடிவதால் அண்ணன் தம்பி ஓரளவு தாங்குகிறார்கள் என்பதும் அந்த ஆய்வு தெளிவாகக் காட்டும் வேறுபாடு. நம் ஊரில் தாய்மாமன் என்றால் வெறும் சீர்வரிசை உறவன்று. தகப்பன் போன வீட்டுக்கு அரிசி மூட்டை வருவது பெரும்பாலும் அவர் வண்டியில்தான். ஆனால் சோறு போடுகிறவருக்கே முடிவெடுக்கும் உரிமையும் போய்ச் சேர்கிறது. பையன் கடைக்கு வந்தால் தொழில் பழகுவான், நாளைக்கு அம்மாவைக் காப்பாற்றுவான் என்று மாமன் நினைத்தால் அது கொடுமையன்று, அக்கறைதான். அந்த அக்கறைக்கு முன்னால் படிக்கட்டுமே என்று தாய் சொல்லும் சொல் எடுபடுவதில்லை.

எம்.ஜி.ஆர். வீட்டு நிலை இதைவிடக் கடினம். இலங்கை நாவலப்பிட்டியில் 1917 ஜனவரி 17இல் பிறந்த அவருக்கு நினைவு தெரிவதற்குள் தந்தை கோபால மேனன் மறைந்தார். இரண்டு பையன்களோடு சத்யபாமா கும்பகோணம் வந்து சேர்ந்தார். மூத்தவர் சக்கரபாணி, இளையவர் ராமச்சந்திரன். ஊரும் புதிது, சொத்தும் இல்லை. யானையடிப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்தார். மூன்றாம் வகுப்புக்கு மேல் நடக்கவில்லை. இளையவருக்குப் பத்து வயது நிறையும் முன்பே இருவரும் பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுவுக்குப் போனார்கள். நாடகக் கம்பெனியில் நடிப்புச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதைவிட அங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டார்கள் என்பதுதான் அந்த அம்மாவுக்கு முக்கியம். அக்காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் சேர்ந்த சிறுவர்களில் பலர் இப்படி ஒரு தட்டுச் சோற்றைத் தேடி வந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

பிள்ளை பள்ளியில் இருந்தால் தாய்க்கு இரண்டு செலவு. நாள் முழுக்க அவனுக்குச் சோறு போட வேண்டும், அவன் சம்பாதித்திருக்கக்கூடிய கூலியையும் இழக்க வேண்டும். தகப்பன் உள்ள ஏழை வீட்டில் இந்த இரண்டும் கடினம். தகப்பன் இல்லாத வீட்டிலோ, ஒரே ஆள் கூலியில் மூன்று நான்கு வயிறு நிறைய வேண்டும். பள்ளிச் சம்பளம் இலவசம் என்று அரசு அறிவித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சோறுதான் அதை மாற்றும்.

இதை முதலில் உணர்ந்து செய்தவர்கள் சென்னை மாநகராட்சியினர். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு தர முடிவானது. ஆனால் அது நகரத்தோடு நின்றது. கிராமத்துக் கைம்பெண்ணின் வாசலுக்கு அது வர இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அதற்கு நடுவில் நடந்த ஒன்றை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று அதைத் திராவிட இயக்கம் எதிர்த்தது, சாதித் தொழிலில் பிள்ளைகளைக் கட்டிப்போடும் என்பதற்காக. அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. இன்னொரு கோணமும் உண்டு. தகப்பன் செத்துப்போன வீட்டில் பையன் யாரிடம் எந்தத் தொழிலைப் பழகுவான்? களையெடுக்கப் போன அம்மாவின் பின்னால் வரப்பில் நிற்பான், அல்லது வேறு யாருடைய மாட்டையோ மேய்ப்பான். அரை நாள் பள்ளி அந்தப் பிள்ளையின் முழு நாளையும் கூலிக்குத் தள்ளிவிட்டிருக்கும். தகப்பன் இல்லாத குடும்பம் என்று ஒன்று உண்டு என்பதே அந்தத் திட்டத்தை வகுத்தவர்களின் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. 1954 ஏப்ரலில் பொறுப்பேற்ற காமராசர் அதைக் கைவிட்டார். அவர் தகப்பன் இல்லாத வீட்டிலிருந்து வந்தவர்.

அடுத்து அவர் செய்தவற்றை, கைம்பெண் தாயின் சுமையிலிருந்து ஒவ்வொரு கல்லாக இறக்கியதாகப் பார்க்கலாம். பள்ளியைக் கிராமத்துக்கு அருகே கொண்டுவந்தது முதல் கல். தூரத்துப் பள்ளி என்றால் பிள்ளையைக் கூட்டிப்போகவோ கட்டுச்சோறு கட்டவோ அவளுக்கு நேரம் கிடையாது. விடியும் முன் நடவுக்குப் போக வேண்டியவள். 1956இல் மதிய உணவு தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஊரார் அரிசி, பருப்பு, பாத்திரம் கொடுத்தார்கள். பிறகு அரசும் செலவில் பெரும்பங்கை ஏற்றது. சீருடையும் இந்த மாநாடுகளின் வழியாகவே பல ஊர்களில் வந்தது. விருதுநகரின் பிடியரிசி ஒரு சாதியின் வீடுகளிலிருந்து வந்தது. அதே வழக்கம் இப்போது ஊர்ப் பொதுவாகவும் அரசின் கடமையாகவும் விரிந்தது. சிவகாமி அம்மாளின் வீட்டில் கற்ற பாடம் இங்கே வேலை செய்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பசித்தால் அழ மட்டுமே தெரிந்த வயதில் தானும் தன் வீட்டாரும் பட்டினி கிடந்ததையும், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் கொடுத்த கஞ்சியால் உயிர் பிழைத்ததையும் இந்தத் திட்டத்துக்குக் காரணமாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். அரசுக்கு இதனால் பெரும் செலவு வரும் என்ற எதிர்ப்பு அன்று பலமாக இருந்தது. கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளிலும் குழந்தைகள் மையங்களிலும் தொடங்கிய திட்டம் அதே ஆண்டில் நகரங்களுக்கும், 1984இல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கும் விரிந்தது. பின்னாளில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியும் வந்தது.

சத்துணவின் ஒரு கூறு அதன் வரலாற்றில் போதிய கவனம் பெறவில்லை. சத்துணவு மையத்துக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என மூன்று வேலைகள். அவற்றுக்கு ஆளெடுக்கும்போது கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. ஆயிரக்கணக்கான ஊர்களில் சத்துணவு ஆயா என்று பிள்ளைகள் கூப்பிட்ட பெண், கணவனை இழந்தவள். தன் பிள்ளைக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரே அண்டாவில் சோறு வடித்தாள். காலையில் நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் எதிரே வரக்கூடாது என்று ஒதுக்கிவைத்த ஒருத்தியின் கையால் ஊரின் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தினமும் சாப்பிட்டார்கள். சில ஊர்களில் தலித் பெண் சமைத்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று மறுத்ததும் இதே திட்டத்தின் வரலாறுதான். அந்தப் பெண்களின் சம்பளம் தொடக்கத்தில் மிகக் குறைவு. முழுநேர அரசு ஊழியருக்கு உரிய காலமுறை ஊதியம் கேட்டு அவர்களின் சங்கங்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகின்றன. ஆனாலும் மாதம் பிறந்தால் கைக்கு வரும் பணம் என்பது, மழையையும் கங்காணியையும் நம்பியிருந்த வீட்டுக்குப் பெரிய நிலம். அந்த நிலத்தில் பல பிள்ளைகள் கல்லூரி வரை நடந்தார்கள்.

பள்ளிச் சோற்றின் பலனை ஆய்வாளர்களும் அளந்திருக்கிறார்கள். 1996இல் வட மாநிலங்களின் கிராமங்களில் எடுத்த கல்விக் கணக்கெடுப்பை வைத்து ழான் திரேஸும் கீதா கிங்டனும் 2001இல் எழுதிய ஆய்வு, சமைத்த மதிய உணவு தரும் பள்ளி உள்ள ஊர்களில் பெண் குழந்தைகள் பள்ளியில் இருக்கும் வாய்ப்பு கணிசமாகக் கூடுவதைக் காட்டியது. அதே 2001 நவம்பர் 28இல் எல்லா மாநிலங்களும் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பெண் குழந்தைகள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் படிக்கவைக்க முடியும் என்ற நெருக்கடி வரும்போது முதலில் நிறுத்தப்படுவது அவள்தான்.

ஒரு தாயின் ஆண்டு வரவைப் பார்ப்போம். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலி 319 ரூபாய். ஒரு நாள் விடாமல் நூறு நாளும் வேலை கிடைத்து, அளவில் குறையாமல் முழுக் கூலியும் வந்தால் 31,900 ரூபாய். மாநில அரசின் கைம்பெண் ஓய்வூதியம் அப்போது மாதம் 1,200, ஆண்டுக்கு 14,400. இரண்டும் சேர்த்து 46,300. மாதத்துக்கு 3,900 ரூபாய்கூட வரவில்லை. இதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான். ரேஷன் அரிசி 2011 முதல் விலையில்லாமல் கிடைப்பதால்தான் இந்தப் பணத்தில் ஒரு வீடு நடக்கிறது. மிச்சத்தை அவள் வயல் கூலியில் தேட வேண்டும். காவிரிப் பாசனப் பகுதியில் அறுவடை இயந்திரம் வந்தபின் அறுப்புக் கூலி பெண்களின் கையைவிட்டுப் போய்விட்டது. நடவும் களையெடுப்பும் ஓரளவு மிஞ்சியிருக்கின்றன. இராமநாதபுரம் போன்ற வானம் பார்த்த பூமியில் விதைப்பு புரட்டாசியை ஒட்டித்தான். பள்ளி திறப்பதோ ஜூனில். நோட்டு, பை, செருப்பு, பஸ் என்று செலவு குவியும் அந்த மாதத்தில்தான் காட்டில் வேலையே இருக்காது. கம்மல் அடகுக் கடைக்குப் போவது அப்போதுதான். கம்மல் இல்லாதவள் கைமாற்று வாங்குவாள், அல்லது வாரத் தவணை லோன் எடுப்பாள்.

நெல்லை, தென்காசிப் பக்கம் கதை வேறு. அங்கே பீடி சுற்றும் பெண்கள் வீட்டிலேயே இருந்து சம்பாதிக்க முடிகிறது. இலையும் தூளும் வாங்கி வந்து, சுளகை மடியில் வைத்துச் சுற்றி, கட்டுக் கட்டிக் கடையில் கொடுக்க வேண்டும். கடைக்காரர் கழிவு என்று ஒதுக்கியது போக மீதிக்குக் கூலி. புகையிலைத் தூள் நெஞ்சைக் கெடுக்கும் வேலைதான். ஆனால் அதில் கைம்பெண்ணுக்கு ஒரு வசதி உண்டு. பிள்ளை பள்ளிவிட்டு வரும்போது அம்மா வீட்டில் இருப்பாள். பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976இல் வந்ததன் பயனாகப் பாஸ்புத்தகம் உள்ள தொழிலாளியின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கிடைத்தது. இந்த வட்டாரத்தில் ஏழை வீட்டுப் பெண்கள் பலர் பட்டம் வரை போனதற்கு இந்தத் தொழிலும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. மறுபக்கமும் உண்டு. பள்ளிவிட்டு வந்த மூத்த மகளின் மடியிலும் ஒரு சுளகு இருக்கும்.

அந்த மூத்த மகளைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை. கைம்பெண் தாய் பிள்ளைகளைப் படிக்கவைத்தாள் என்று சொல்லும்போது எத்தனை பிள்ளைகளை, எந்தப் பிள்ளையின் செலவில் என்று கேட்க வேண்டும். பல வீடுகளில் கடைசித் தம்பி பொறியியல் படித்ததற்குப் பின்னால் எட்டாம் வகுப்போடு நின்ற ஓர் அக்கா இருக்கிறாள். அம்மா வேலைக்குப் போனதும் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உலை வைத்தவள் அவள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிப் பஞ்சாலைகளுக்கு ஆள் சேர்க்கும் தரகர்கள் இப்படிப்பட்ட வீடுகளைத்தான் தேடி வந்தார்கள். மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அதில் தாலிக்குத் தங்கம் வாங்கலாம் என்பது பேச்சு. சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். காவலில்லாத தாய் வயதுக்கு வந்த பெண்ணை வீட்டில் தனியே விட்டு வயலுக்குப் போக அஞ்சினாள். விடுதியில் பத்திரமாக இருப்பாள், கல்யாணத்துக்கும் பணம் வரும் என்று நம்பி அனுப்பினாள். மூன்று ஆண்டு முடியும் முன் உடம்பு கெட்டுத் திரும்பிய பெண்கள் தொகையை முழுதாகப் பெறவில்லை என்ற புகார்கள் ஏராளமாக எழுந்தன. இதற்காக அந்தத் தாயைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. பாதுகாப்பான இடமும் சோறும் தரும் பெண்கள் விடுதியோடு மேல்நிலைப் பள்ளி ஒன்று பக்கத்திலேயே இருந்திருந்தால் அவள் எதைத் தேர்ந்திருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அரசு உதவிகளும் நெடுங்காலம் இந்தப் பெண்ணை மணமகளாகவே பார்த்தன. ஏழைக் கைம்பெண்ணின் மகளுக்குத் திருமண உதவி என்று மணியம்மையார் பெயரில் ஒரு திட்டம் உண்டு. அது பல குடும்பங்களைக் கடனிலிருந்து காத்தது, மறுக்கவில்லை. ஆனால் மகளின் கல்லூரிக் காலத்துக்கு மாதாமாதம் பணம் என்று வந்தது 2022 செப்டம்பரில்தான். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக ஆக்கினார்கள். திருமணத்துக்கு ஒரு தடவை கொடுக்கும் பணத்தைப் படிக்கும் காலம் முழுவதற்கும் பிரித்துக் கொடுத்த இந்த மாற்றம், தகப்பன் இல்லாத வீட்டுக்கு மற்ற எல்லா வீடுகளையும்விடப் பெரிது. படிக்கும் பெண் அம்மாவிடம் பஸ் காசு கேட்க வேண்டியதில்லை. தம்பியின் படிப்பா அக்காவின் படிப்பா என்ற வழக்கு வீட்டில் எழும்போது அவள் பக்கமும் கொஞ்சம் பணம் பேசும்.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்துக் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் ஆயுள் அனுபோகம் மட்டும் கிடைத்தது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் அதை முழு உரிமை ஆக்கியது. அவள் தன் பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம், மகளின் படிப்புக்கு அதன்மேல் கடன் வாங்கலாம். சட்டப்படி அப்படி. ஊரில் நடப்பது வேறு. பட்டா மாமனார் பெயரிலேயே இருக்கும். கொழுந்தன் உழுதுகொண்டிருப்பார். பிள்ளைகள் வளரட்டும், அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் வளர்கிற காலத்தில்தானே அந்த நிலத்தின் வருமானம் வேண்டும்? மார்த்தா சென்னின் ஆய்வும், கைம்பெண்ணின் பங்கை ஊர் வாயளவில் ஒப்புக்கொள்வதையும், நடைமுறையில் கணவனின் சகோதரர்கள் அதை மறுப்பதையும் பதிவு செய்திருக்கிறது. பங்கு கேட்டு வழக்குப் போட்டவள் அந்தத் தெருவிலேயே பிள்ளைகளை வளர்க்கவும் வேண்டும். அதனால் பலர் கேட்பதே இல்லை.

கேட்க வேண்டிய இடங்கள் வேறும் பல. கணவன் இறந்தால் 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு இறப்புச் சான்றிதழ், தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், வங்கிக் கணக்கு, பட்டா மாறுதல், ஓய்வூதிய விண்ணப்பம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்தில் சம்பாதிக்கிறவர் இறந்தால் ஒரு தடவை 20,000 ரூபாய் தரும் தேசியக் குடும்ப நலத் திட்டமும் இருக்கிறது. அது இருப்பது தெரிந்தால்தானே கேட்பாள். வி.ஏ.ஓ. இல்லை, நாளைக்கு வா என்ற ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. இத்தனைக்கும் அந்த ஊர்ப் பள்ளியின் மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் பதிவேட்டில் அவள் பிள்ளைகளின் பெயர் இருக்கிறது, இறப்புப் பதிவேட்டில் அவள் கணவனின் பெயர் இருக்கிறது. இரண்டும் ஒரே அரசின் கணினியில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, விடுதி இடமும் உதவித்தொகையும் தேவை என்று தலைமையாசிரியருக்குச் செய்தி போகும்படி செய்வது பெரிய தொழில்நுட்பம் இல்லை. தாய் காகிதத்தோடு அலைய வேண்டியிருக்கிற ஒவ்வொரு வாரமும் மூத்த பிள்ளை வகுப்பில் இல்லாத வாரம்.

ஓய்வூதியத்தில் உள்ள ஒரு விதி என்னை மிகவும் உறுத்துகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் கைம்பெண்கள் 4 கோடிக்கும் மேல். அவர்களுக்கென ஒன்றிய அரசு 2009இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய விதவை ஓய்வூதியம், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள, 40 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். கிராமத்துப் பெண்ணுக்கு இருபதை ஒட்டித் திருமணம் நடந்தால் முப்பது வயதில் அவள் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியில் இருப்பார்கள். நாற்பதில் அவர்கள் பள்ளிப் படிப்பை முடித்திருப்பார்கள், அல்லது விட்டிருப்பார்கள். பிள்ளைகளை வளர்த்து முடித்தபின் வருகிற பணம் அவளுடைய முதுமைக்கு உதவும். படிக்கவைப்பதற்கு உதவாது. தமிழ்நாட்டின் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 1975இலேயே தொடங்கியது, 18 வயதிலிருந்தே பெறலாம். பிள்ளைகள் பள்ளி வயதில் இருக்கும்போதே தாயின் கைக்குப் பணம் வர வழி வைத்த இந்த விதி, இந்தத் துறையில் மாநிலம் செய்த மிகச் சரியான செயல்களில் ஒன்று என்பேன். பீகாரிலோ ஒடிசாவிலோ இருபத்தெட்டு வயதில் கணவனை இழந்து மூன்று பிள்ளைகளோடு நிற்கும் ஒரு பெண்ணுக்கு ஒன்றியத் திட்டத்தில் இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இடமில்லை. மாநில அரசு தன் பணத்தில் கொடுத்தால்தான் உண்டு. 40 வயது நிறைந்தபின் ஒன்றியம் கொடுக்கும் பங்கும் மாதம் 300 ரூபாய், 2012இல் உயர்த்திய அதே தொகை. அந்த வயது வரம்பு நாடாளுமன்றச் சட்டம் எதிலும் எழுதியதில்லை, திட்ட வழிகாட்டு நெறியில் உள்ள ஒரு வரி. மேல் வயது வரம்பை அவர்கள் முன்பு திருத்தியிருக்கிறார்கள். கீழ் வரம்பை 18க்கு இறக்கவும் அப்படி ஒரு திருத்தமே போதும்.